பறத்தலுக்கு முந்திய சிறகு

பறத்தல் என்னும் தொழில் பற்றியே பறவைக்குப் பெயர் வைத்தனர் தமிழர். வினையடியாகப் பிறந்த அப்பெயர் அழகியதே. ஆயினும் வரையறைக்கு முற்றும் அடங்குவதன்று. வௌவால் பறக்கின்றது, அது பறவையன்று. தீக்கோழி பறவையினத்தைச் சேர்ந்தது, அது பறப்பதில்லை. இதனாலேயே உயிர்நூலார் பறத்தலை விடுத்து, இறகு உடைமையே பறவையின் தனியிலக்கணம் என நெடுங்காலம் கொண்டனர். இறகுள்ளது எதுவோ அது பறவை. பறவை எதுவோ அதற்கு இறகுண்டு. பிழையற்றது போலத் தோன்றிய இவ்விலக்கணமும் 1996 ஆம் ஆண்டிலே சீனதேசத்துக் கற்பலகை யொன்றினால் உடைந்தது. அது உடைந்த வரலாறு, சிறகு உண்டான வரலாற்றோடு பின்னிக் கிடக்கின்றது.

இறகு, சிறகு என்னும் இரு சொற்களும் உலகவழக்கிலே ஒன்றன் இடத்தில் ஒன்று வழங்கும். ஈண்டு, தோலினின்று முளைக்கும் தனியுறுப்பை இறகு என்றும், அவ்விறகுகள் நிரைநிரையாகப் பொருந்திய முன்கையைச் சிறகு என்றும் பிரித்துக் கொள்ளல் வேண்டும். இறகு, சிறகு, பறத்தல் ஆகிய மூன்றும் ஒரு காலத்தே, ஒரு பயன் நோக்கி, ஒன்றாய்த் தோன்றின என்னும் எண்ணம் ஏறத்தாழ நூறாண்டு அறிஞர் பலர் உள்ளத்தில் வேரூன்றியிருந்தது. அவ்வெண்ணமே வழியை மறைத்தது எனல் மிகையாகாது.

தென் ஜேர்மனியிலுள்ள பவேரியாவிலே சொல்ன்ஹோபன் என்னும் ஊரைச் சூழ்ந்த நிலத்தில் மிக நுண்ணிய மணிகளாலாய ஒருவகைச் சுண்ணக்கல் கிடைக்கின்றது. 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் செனபெல்டர் என்பார் கல்லச்சு முறையைக் கண்டபின் இக்கல்லுக்கு ஐரோப்பா எங்கும் பெருமதிப்பு உண்டாயிற்று. அச்சுக்கூடங்களுக்கு வேண்டிய பலகைகளை வெட்டுவோர் ஒவ்வொரு பலகையின் முகத்தையும் மாசுமறு உண்டோ என உற்றுநோக்கினர். அதனால், ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் அங்கே பரந்து கிடந்த வெப்பக் கடற்கழியின் சேற்றில் புதைந்த மீனும் இறாலும் தும்பியும் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. வேறிடத்தாயின் கவனிப்பாரின்றி உடைந்து போகக்கூடிய சுவடுகள், அச்சுத்தொழிலின் பேணுதலாலே உலகத்துக்குக் கிடைத்தன.

1861 ஆம் ஆண்டிலே அக்கல்லிலிருந்து கிடைத்த ஓர் இறகின் பதிவைப் பற்றி ஹெர்மன் வொன் மேயர் என்னும் ஜேர்மனிய அறிஞர் எழுதினார். தனியிறகு ஒன்றே, காக்கையிறகினும் சிறிது, எனினும் தண்டும் இழையும் ஐயத்துக்கிடமின்றித் தெரிந்தன. அவ்வாண்டிலேயே இறகுப் பதிவோடு கூடிய எலும்புக்கூடு ஒன்றும் அகப்பட்டது. தொன்மைச் சிறகு எனப் பொருள்படும் ஆர்க்கியொப்தெரிக்ஸ் என்னும் பெயரை வொன் மேயர் வழங்கினார். அக்கூடு பாப்பன்ஹைம் ஊரின் வைத்தியரான ஹேபர்லைன் என்பார் கைக்கு வந்தது. 1862 இல் அவருடைய மற்றைச் சுவடுகளோடு சேர்த்து 700 பவுணுக்கு இலண்டன் பிரித்தானிய நூதனசாலை அதனை வாங்கியது. அந்நாளில் அது சிறுதொகையன்று.

தொகை கொடுத்து வாங்கியவர்கள் நோக்கியது யாது? 1859 ஆம் ஆண்டிலே சாள்ஸ் டார்வின் தம் நூலை வெளியிட்டு, உயிரினங்கள் படிப்படியாகத் திரிந்து வேறினங்களாகும் கூர்ப்புக் கொள்கையை நிறுவ முயன்றார். ஓரினத்துக்கும் மற்றோரினத்துக்கும் இடைநின்ற உயிர்கள் எங்கே என்பதே அவரை எதிர்த்தோரின் முதற்கேள்வி. இரண்டாண்டு கழியுமுன் பறவைக்கும் ஊர்வனவற்றுக்கும் இடையிலே நிற்பது போன்ற ஒன்று வெளிப்பட்டது. நூதனசாலையின் இயற்கைப்பொருட் பகுதித் தலைவரான றிச்சாட் ஓவன் டார்வின் கொள்கையை ஏற்காதவர். அவர் 1863 இல் வெளியிட்ட ஆய்விலே அதனைப் பறவை என்றே வகுத்தார். ஆயினும் தாம் கண்டதை மறைத்தாரல்லர்: பல என்புகள் கோத்த நீண்ட வால், ஒட்டாது பிரிந்து நின்ற விரல்கள், விரல் நுனியில் வளைந்த நகம் ஆகியன அவர் எழுத்திலும் படத்திலும் உள்ளன. பின்னர்ப் பேர்லின் நகரை அடைந்த மற்றொரு கூட்டிலே தலையும் முழுமையாக இருந்தது. அதன் தாடையிலே பற்கள் இருந்தன.

தோமஸ் ஹென்றி ஹக்ஸ்லி இவ்வாய்வை வேறொரு திசையில் நடத்தினார். சொல்ன்ஹோபன் கல்லிலிருந்தே கொம்ப்சொக்னாதஸ் என்னும் கோழியளவான டைனோசோர் ஒன்றும் கிடைத்திருந்தது. டைனோசோர் என்றால் மலைபோன்ற உருவமே மனத்தில் எழும். இதுவோ மெல்லிய இரு காலால் ஓடித்திரிந்த சிற்றுயிர். அதன் இடுப்பும் காலும் பறவையின் இடுப்பையும் காலையும் எவ்வளவு நெருங்குகின்றன என்பதை 1868 முதல் 1870 வரை எழுதிய கட்டுரைகளிலே ஹக்ஸ்லி எடுத்துக்காட்டினார். பறவைகளின் உறவை டைனோசோர்களிடம் தேடவேண்டும் என்பதே அவர் துணிபு. அத்துணிபை உறுதியாக்கும் சான்று கிடைப்பதற்கு நூற்றாண்டுக்கு மேலாயிற்று.

இதற்கிடையிலே டார்வின் கொள்கையின் உயிர்நிலையைத் தொட்ட வினா ஒன்று எழுந்தது. 1871 இல் சென்ற் ஜோர்ஜ் மைவாட் என்பார் கேட்டது இது: இயற்கைத் தேர்வு பயனுள்ள மாற்றத்தையே பேணும் எனின், பயன்படும் அளவுக்கு வளராத உறுப்பின் தொடக்க நிலையை அது பேணுவது எங்ஙனம்? முழுச்சிறகு பறக்க உதவும், அரைச்சிறகால் ஆவதென்ன? அரைக்கால் சிறகால் ஆவதென்ன? பறத்தற்கு உதவாத ஒரு குறுகிய இறகுக் கையைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்த உயிர் அழிந்திருக்க வேண்டுமேயன்றிப் பெருகியிருத்தல் இயலாதன்றோ? இது வெறுங்குதர்க்கமன்று. டார்வின் தாமும் இதனைப் பொருட்படுத்தி, 1872 இல் வந்த தம் நூலின் ஆறாம் பதிப்பிலே இத்தகைய தடைகளுக்கு விடையாக ஓர் அதிகாரத்தையே புதிதாகச் சேர்த்தார். ஒரு தொழிலுக்கென உண்டான உறுப்பு நாளடைவில் வேறொரு தொழிலுக்கு மாறலாம் என்பது அவர் விடைகளுள் ஒன்று. விடை சரியானதே. ஆனால் சிறகு முன்பு செய்த தொழில் எதுவென்று காட்டுவதற்கு அவர் கையிலே சான்றில்லை.

சான்றில்லாத இடத்தே ஊகம் பெருகும். அமெரிக்க அறிஞர் மாஷ் என்பார் 1880 இல், மரத்துக்கு மரம் தாவிய உயிரே காற்றில் மிதக்கக் கற்றுப் பின்னர்ப் பறந்தது என்றார். ஹங்கேரிய நாட்டுப் பிரபுவான நொப்சா 1907 இல், நிலத்திலே விரைந்தோடிய உயிர் கையை வீசிவீசி வேகம் பெற்று மேலெழுந்தது என்றார். மரத்தினின்று இறங்கியதா, நிலத்தினின்று ஏறியதா என்னும் இவ்வழக்கு அன்று தொடங்கி நெடுங்காலம் நீண்டது. நியூயோர்க் விலங்குக் காட்சிச்சாலையைச் சார்ந்த வில்லியம் பீப் 1915 இல் மற்றொன்று சொன்னார்: புறாக்குஞ்சின் தொடையில் அரும்பும் இறகுத் தண்டுகளைக் கண்டு, பறவையின் முன்னோர்க்குக் கையில் இரண்டும் காலில் இரண்டுமாக நான்கு சிறகுகள் இருந்திருத்தல் வேண்டும் என்று படமும் வரைந்து காட்டினார். அக்காலத்தார் அதனைப் பெரிதாகக் கொள்ளவில்லை.

இவர்கள் எல்லாரினும் அதிகச் செல்வாக்குப் பெற்றவர் டென்மார்க்கு நாட்டு ஜெர்ஹாட் ஹைல்மன். தொழிலால் ஓவியர்; பல்கலைக்கழகப் பதவி எதுவும் வகித்தவரல்லர். பறவைகளின் தோற்றம் பற்றி அவர் எழுதிய நூல் 1926 இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. படங்களின் அழகும் ஒப்பீட்டின் நுணுக்கமும் சேர்ந்த அந்நூலைப் படித்தோர், இனி இப்பொருளிற் சொல்லுதற்கு ஒன்றுமில்லை என்றே எண்ணினர். கை, கால், இடுப்பு, மண்டையோடு என ஒவ்வொன்றாக எடுத்து, இருகாலால் நடந்த ஊனுண்ணி டைனோசோர்களே பறவைகளுக்கு மிக நெருங்கியவை என ஹைல்மன் நிறுவிச் செல்கின்றார். படிப்போர், இதோ முடிவு வந்துவிட்டது என எதிர்பார்க்கும் இடத்திலே அவர் திரும்பிவிடுகின்றார். காரணம் ஒரே ஓர் என்பு.

பறவையின் மார்பிலே இரு காறை என்புகளும் ஒன்றாகப் பொருந்திக் கவை வடிவாக நிற்கும். அந்த என்பு டைனோசோர்களுக்கு இல்லை என்று ஹைல்மன் அறிந்த நூல்கள் கூறின. கூர்ப்பின் போக்கில் ஒருமுறை இழந்த உறுப்பு மீண்டும் அவ்வாறே தோன்றாது என்பது பெல்ஜிய அறிஞர் டொலோ என்பாரின் விதி. டைனோசோர் காறையென்பை இழந்தது. பறவைக்கு அது உண்டு. ஆதலால் டைனோசோர் பறவைக்கு மூதாதையாகாது. இருவர்க்கும் பொதுவான, இன்னும் பழைய ஊர்வன குலமொன்றைத் தேடவேண்டும் என்பது அவர் முடிபு. அளவைநூல் முறையாற் பார்த்தால் குற்றமில்லை. குற்றம் ஏதுவிலே இருந்தது. கிடைக்கவில்லை என்பதை இல்லை என்று கொண்டதே அவ்வேது.

வியப்பு யாதெனில், அந்த என்பு அவர் நூல் ஆங்கிலத்தில் வருவதற்கு இரண்டாண்டு முன்னரே அச்சில் வெளிவந்து விட்டது. நியூயோர்க் நூதனசாலையார் 1923 இல் மொங்கோலியாவின் கோபிப் பாலைவனத்தில் அகழ்ந்தெடுத்த டைனோசோர்களை ஒஸ்போண் என்பார் 1924 இல் விவரித்தார். அவற்றுள் ஒவிராப்டர் என்பதன் மார்பிலே கவையென்பு இருந்தது. ஒஸ்போண் அதனை வேறோர் என்பாக மயங்கிப் பெயரிட்டார். மொங்கோலிய அறிஞர் பாஸ்போல்ட் 1983 இல் உண்மையை எடுத்துரைக்கும் வரை அது பெயர் மாறியே கிடந்தது. காறையென்பு மெல்லியது, எளிதில் உடைவது, இடம்பெயர்வது. பின்னர்ப் பல டைனோசோர்களிலே அது கண்டெடுக்கப்பட்டது. ஓர் என்பின் பெயர்மயக்கமும் அதன்மேல் எழுந்த நூலொன்றின் புகழும் சேர்ந்து, ஹக்ஸ்லி காட்டிய வழியை ஏறத்தாழ நாற்பதாண்டு அடைத்து வைத்தன.

அவ்வழியைத் திறந்தவர் யேல் பல்கலைக்கழகத்து ஜோன் ஒஸ்ற்றொம். 1964 இல் ஐக்கிய அமெரிக்காவின் மொன்ரானா மாநிலத்திலே அவர் கண்டெடுத்த டைனொனிக்கஸ் என்னும் டைனோசோர் ஏறத்தாழ 3 மீற்றர் நீளமுடையது. காலில் அரிவாள் போன்ற நகமுடையது. சோம்பிக் கிடக்கும் பெரும்பல்லி என டைனோசோரை எண்ணியிருந்த உலகுக்கு, பாய்ந்து பற்றும் வேட்டை விலங்காக அதனை 1969 இல் அவர் விவரித்தார். ஆயினும் பறவை வரலாற்றுக்கு வேண்டியது அதன் நகமன்று, மணிக்கட்டேயாம். அங்கே பிறைவடிவான சிறிய என்பு ஒன்று இருந்தது. அதன் வளைவின்மேல் உள்ளங்கை பக்கவாட்டிலே சுழன்று, பறவை சிறகு மடக்குவது போலப் பின்னோக்கி மடங்கும். இரையைப் பற்றக் கையை முன்னே வீசும் அசைவும், பறக்கும் பறவை சிறகை வீசும் அசைவும் பெரிதும் ஒத்தன. பறக்காத விலங்கு ஒன்றின் கையிலே பறத்தற்கு வேண்டிய கீல் முன்னமே அமைந்திருந்தது.

1970 இல் ஒல்லாந்தின் ஹாலெம் நகர நூதனசாலையிலே, பறக்கும் ஊர்வன என எழுதி வைக்கப்பட்டிருந்த ஒரு கற்பலகையை ஒஸ்ற்றொம் ஆராய்ந்தார். சாளரத்தருகே கொண்டு சென்று சாய்ந்த வெளிச்சத்திலே பார்த்தபோது மங்கிய இறகுச் சுவடு தெரிந்தது. ஆர்க்கியொப்தெரிக்ஸ் எனவே அதனை அவர் இனங்கண்டார். அதற்குத் தவறான பெயரிட்டவர் யார்? 1857 இல், ஆர்க்கியொப்தெரிக்ஸ் என்னும் பெயரை உண்டாக்குதற்கு நான்காண்டு முன்னர், அதே வொன் மேயர்! 2017 இல் வேறிரு அறிஞர் அதனை மீளவும் ஆராய்ந்து, அது ஆர்க்கியொப்தெரிக்ஸும் அன்று, அதற்கு நெருங்கிய வேறோர் இனம் எனக் கூறி ஒஸ்ற்றொமின் பெயரையே அதற்குச் சூட்டினர். 1951 இல் கிடைத்த இன்னொரு கூடோ இருபதாண்டு கொம்ப்சொக்னாதஸ் எனக் கருதப்பட்டிருந்தது. இறகுச் சுவடு மங்கிவிட்டால் தேர்ந்த அறிஞரும் பறவையை டைனோசோர் என மயங்குவர் என்பதைக் காட்டிலும் வலிய சான்று உறவுக்கு வேறென்ன வேண்டும்?

எனினும் இறகு என்னும் தனியிலக்கணம் மட்டும் பறவையிடமே நின்றது. 1996 இன் இலையுதிர் காலத்திலே நியூயோர்க்கில் முதுகெலும்பு விலங்காய்வாளர் மகாநாடு நடந்தபோது, சீன அறிஞர் ஒருவர் ஒரு புகைப்படத்தைக் கொண்டுவந்தார். வடகிழக்குச் சீனாவின் லியாவோனிங் மாகாணத்திலே உழவர் ஒருவர் கண்டெடுத்த சிறு டைனோசோரின் படம் அது. தலையுச்சி தொடங்கி முதுகு வழியே வால்நுனி வரை மெல்லிழைகள் செறிந்திருந்தன. அதனைக் கண்டபோது ஒஸ்ற்றொமுக்கு 68 வயது. அவ்வுயிருக்குச் சைனோசோரொப்தெரிக்ஸ் எனப் பெயராயிற்று. லியாவோனிங்கிலே ஏறத்தாழ 12½ கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைகள் கக்கிய நுண்சாம்பல் ஏரிப்படுகைகளில் படிந்து, தோலும் இழையும் அழியாமற் காத்திருந்தது. சொல்ன்ஹோபன் சேறு செய்த தொண்டை இங்கே சாம்பல் செய்தது.

1998 இல் கௌடிப்தெரிக்ஸ் விவரிக்கப்பட்டது. இதன் உடலில் இருந்தது வெறும் இழையன்று. கையிலும் வால்நுனியிலும் தண்டும் இருமருங்கு இழைநிரையும் கொண்ட முழுவடிவ இறகுகள் விசிறிபோல் விரிந்திருந்தன. ஆனால் கையோ குறுகியது, காலோ நெடியது, எவ்வாற்றானும் பறக்கவியலாதது. மைவாட் இகழ்ந்து கேட்ட அரைச்சிறகு இதோ கல்லிலே கிடந்தது. அதனைச் சுமந்த உயிர் அழிந்துபோகாமல் வாழ்ந்து இனம்பெருக்கியும் இருந்தது. (இவ்வாரவாரத்தினிடையே 1999 இல் வேறு வேறு உயிர்களின் துண்டுகளைப் பசையால் ஒட்டிய போலிச்சுவடு ஒன்றும் அமெரிக்கச் சஞ்சிகை ஒன்றிலே புகழப்பட்டது. அதன் வாலுக்குரிய மறுபலகையைத் தேடிக் கண்டு மோசத்தை வெளிப்படுத்தியவர் சீன அறிஞர் சூ சிங் தாமே. சுவடுகளுக்கு விலையேறும்போது இதுவும் நேர்வதே.)

அதன்பின் சான்று வெள்ளமாய் வந்தது. 1924 இல் ஒஸ்போண் ஒவிராப்டருடன் சேர்த்து விவரித்த மற்றொன்று வெலோசிராப்டர். அதன் முன்கை என்பிலே, பறவையின் சிறகென்பில் இறகடி பொருந்தும் இடங்களில் உள்ளவை போன்ற சிறு புடைப்புகள் நிரையாக இருத்தல் 2007 இல் அறியப்பட்டது. 2012 இல் வெளியான யூதிரானஸ் என்பது ஏறத்தாழ 9 மீற்றர் நீளமும் ஒன்றரைத் தொன் அளவு நிறையும் உடையது. அதற்கும் இழைப்போர்வை இருந்தது. யானைக்கொம்பன்ன பற்களையுடைய இராட்சத ஊனுண்ணிகளின் குடியிலே பிறந்ததொன்று பஞ்சு போர்த்தது போல் நடந்தது என்பதை நினைத்துப் பார்க்கவே வியப்பாம்.

இவற்றை நிரல்படுத்தியபோது இறகின் வளர்ச்சிப் படிகளும் புலனாயின. றிச்சாட் பிறம் என்னும் அமெரிக்க அறிஞர், கோழிக்கருவிலே இறகு முளைக்கும் முறையை ஆராய்ந்து 1999 இல் ஒரு வரிசையை வகுத்தார்: முதலில் உட்டுளையுள்ள ஒற்றை இழை, பின்னர் ஓரடியில் முளைத்த இழைக்கொத்து, பின்னர் நடுத்தண்டும் கிளையிழையும், பின்னர் அக்கிளைகளை ஒன்றோடொன்று பிணிக்கும் நுண்கொளுவிகள், ஈற்றிலே முன்விளிம்பு ஒடுங்கிப் பின்விளிம்பு அகன்ற பறக்கும் இறகு. கருவை நோக்கி வகுத்த இவ்வரிசையின் படிகள் பெரும்பாலும் கல்லிலே காணப்பட்டன. பறத்தற்குரிய இறகு இவ்வேணியின் உச்சிப் படியிலே நிற்கின்றது. அதற்கு முந்திய படிகள் யாவும் பறத்தலோடு தொடர்பில்லாதன.

அங்ஙனமாயின் அவை எதற்குப் பயன்பட்டன? உடற்சூட்டைக் காத்தல் ஒன்று. இழைப்போர்வைக்கு அது பொருந்தும். ஆனால் கையோரத்தில் நிரையாய் வளர்ந்த நெடிய இறகுக்குப் பொருந்தாது. ஒஸ்ற்றொம் ஒருகால் அதனைப் பூச்சிகளை வளைத்துப் பிடிக்கும் வலையெனக் கருதினார். பின்வந்தோர் பலர் அதனை ஏற்றிலர். நிறம் காட்டித் துணையை ஈர்த்தல் என்பது வலுவுடைய கருத்து. 2010 இல் இறகுச் சுவடுகளிலே நிறமணிக் கூறுகளின் வடிவம் அறியப்பட்டது. சைனோசோரொப்தெரிக்ஸின் வால் செம்பழுப்பும் வெண்மையும் மாறிமாறி வந்த வரியுடையது எனவும், ஆங்கியோர்னிஸ் என்பதன் கருவெண் சிறகுக்கு மேலே செங்கொண்டை இருந்தது எனவும் தெரிந்தது. இழைகள் இறகின் முன்னுரு அல்ல, அழுகிய தோல்நாரே என்று வாதித்த அலன் பெடூசியா முதலியோர்க்கும் நிறமணிகள் நல்ல விடையாயின. கனடாவிலே கிடைத்த ஓர்னிதோமைமஸ் என்னும் தீக்கோழி போன்ற டைனோசோரின் குஞ்சுக்கு மெல்லிழையே இருந்தது. முதிர்ந்ததற்கே கையில் சிறகிறகின் அடையாளம் இருந்தது என 2012 இல் எழுதினர். பருவம் வந்தபின் முளைக்கும் சிறகு, இணைவிழைச்சுக்கோ குஞ்சு வளர்ப்புக்கோ உரியதாதல் வேண்டும் என்பது அவர் துணிபு. 2024 இல் கொரிய அறிஞர் கௌடிப்தெரிக்ஸ் வடிவான பொறியொன்றைச் செய்து வெட்டுக்கிளிகளின் முன் நடத்தி, சிறகை விரித்தபோது அவை மிகுதியாய் வெருண்டு வெளிப்பட்டமை கண்டனர். இரையை வெருட்டி எழுப்பும் கருவி என்பது அதன் கருத்து. வெட்டுக்கிளியின் அச்சத்தை அது நிறுவுகின்றது. டைனோசோரின் வழக்கத்தை நிறுவுவதற்கு அது போதாது.

அடைகாத்தல் பற்றிய சான்றோ நேரானது. ஒவிராப்டர் என்னும் சொல்லுக்கு முட்டைத்திருடன் என்பது பொருள். 1923 இல் அது ஒரு முட்டைக்கூட்டின்மேல் கிடந்தமையால், பிறிதோருயிரின் முட்டையைக் கவர வந்து மாண்டது என எண்ணி அப்பெயர் இட்டனர். 1993 இல் கோபியிலே அதே வகை முட்டையொன்று கருவோடு கிடைத்தது. கருவின் என்புகள் ஒவிராப்டர் குடியினவாயிருந்தன. திருடனெனப்பட்டது தாயோ தந்தையோ ஆகலாம் என அப்போது தெரிந்தது. அவ்வாண்டிலேயே அக்குடியைச் சேர்ந்த மற்றொன்று, கோழி அமர்வது போலக் காலை மடக்கி, இரு கையையும் முட்டைவளையத்தின்மேல் பரப்பி, மணலால் மூடுண்டபடியே கண்டெடுக்கப்பட்டது. வெறுங்கை அம்முட்டைகளை மூடாது. கையோரத்தில் நெடிய இறகு இருந்திருப்பின் அவ்விடைவெளி முழுதும் மூடப்படும். நெடிய இறகு இருந்தோரின் முட்டைகள் வெயிலினும் குளிரினும் தப்பின எனின், இறகு தலைமுறைதோறும் நீளுதற்கு அதுவே போதிய காரணம் என்று 2004 இல் இருவர் எழுதினர். சிறகின் தொடக்கப்பயன் ஒன்றே எனத் துணிதற்கில்லை; ஆயினும் மைவாட்டின் வினாவுக்கு விடையாக இதனினும் எளியது கூறல் அரிது.

இனி, பறத்தல் தொடங்கியவாறு. 2014 இல் வெளியான கணக்கொன்றின்படி, பறவைகளுக்கு இட்டுச் சென்ற டைனோசோர் மரபு ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளிலே 163 கிலோக்கிராமிலிருந்து ஒரு கிலோக்கிராமுக்கும் குறைவாகச் சிறுத்தது. உடல் சிறுக்க, இறகுக்கை அதன் நிறைக்கு ஒப்பப் பெரிதாயிற்று. அமெரிக்க அறிஞர் கென் டயல் 2003 இல் கவுதாரிக் குஞ்சுகளைக் கொண்டு ஆய்ந்து கண்டது குறிப்பிடத்தக்கது. இன்னும் பறக்கவியலாத குஞ்சும் அரைகுறைச் சிறகை அடித்துக்கொண்டு செங்குத்தான சரிவில் ஓடியேறுகின்றது; சிறகடிப்பு அதன் காலைச் சரிவோடு அழுத்தி வழுக்காமற் காக்கின்றது. இறகை நறுக்கினால் அவ்வளவு ஏறமாட்டாது. மரமா நிலமா என்ற பழைய வழக்கிலே, நிலத்தினின்று மரத்துக்கு ஏறுதல் என்னும் மூன்றாம் வழி இதனாலே தோன்றிற்று. அவ்வாண்டிலேயே சூ சிங் முதலியோர், வாலுடன் 77 சென்ரிமீற்றர் நீளமுள்ள மைக்ரோராப்டரை விவரித்தனர். அதற்குக் கையிலும் காலிலும் பறக்கும் இறகுகள், நான்கு சிறகு! 88 ஆண்டுகளுக்கு முன்னர்ப் பீப் வரைந்த படம் நினைவுகூரப்பட்டது. ஆங்கியோர்னிஸ் ஏறத்தாழ 16 கோடி ஆண்டுப் பழமையுடையது. ஆகவே இறகுள்ள டைனோசோர்கள் ஆர்க்கியொப்தெரிக்ஸுக்குப் பிந்தியனவே என்ற தடையும் அதனோடு நீங்கிற்று.

ஒரே மரபு, ஒரே நேர்வழியில் வானேறியது என்று கொள்ளுதலும் பிழையாம். 2015 இல் அறிவிக்கப்பட்ட யீ சி என்னும் புறாவளவான டைனோசோருக்கு இறகு இருந்தும், மணிக்கட்டினின்று நீண்ட கோலொன்று தாங்கிய தோற்சவ்வே சிறகாய் அமைந்தது. வௌவாலின் முறை அது. விசித்திரச் சிறகு என்பதே அதன் சீனப்பெயரின் பொருள். அம்முயற்சி நீடிக்கவில்லை. அக்குடி வழித்தோன்றலின்றி மறைந்தது.

ஆர்க்கியொப்தெரிக்ஸ் இவற்றுள் எங்கே நிற்கின்றது என்பதற்கு அண்மையிலே ஒரு செய்தி கிடைத்தது. சிக்காகோ நகர நூதனசாலைக்கு வந்த, புறாவளவான புதிய கூடு ஒன்றைக் கதிர்ப்படங்களாலும் புறவூதா ஒளியாலும் ஆராய்ந்து 2025 இல் முடிபு வெளியிட்டனர். மேற்கை நீண்ட உயிர் பறக்க முனையின், முழங்கைக்கும் உடலுக்கும் நடுவே இடைவெளி விழும். அதன்வழியே காற்று நழுவிப்போம். இன்றைய பறவைகளுக்கு அவ்விடைவெளியை அடைக்கத் தனியிறகு நிரையொன்று உண்டு. சிக்காகோக் கூட்டிலே அந்நிரை காணப்பட்டது. கௌடிப்தெரிக்ஸ் போன்ற, இறகிருந்தும் பறவாத டைனோசோர்களின் கையிறகு முழங்கையோடு நின்றுவிடுகின்றது.